பார்க்கைக் காட்டினது நான்தான்

பூனாவுக்குத்தான் போறேன். மகன் வீட்டுக்கான்னு கேக்குறீங்க. இல்லைங்க, மகன் மெட்ராஸ்ல என்கூடத்தான் இருக்கான். நான் போறது சம்பந்தியம்மாகிட்ட. என் மருமகளோட அம்மா. சிரிங்க, பரவாயில்ல. எங்க வீட்டுக்காரரும் சிரிச்சாரு. சம்பந்தியைப் பாக்க ஒருத்தி தனியா ரயிலேறிப் போறான்னா யாருக்கும் சிரிப்பு வரும்தான். ஆனா சில பேருக்கு நாம இல்லாட்டி ஓடாது. நாமதான் போய்ப் பாக்க வேண்டியிருக்கு.

நீங்க பூனாவுலயே செட்டிலானவங்க. மெட்ராஸ் கதை உங்களுக்கு எங்க தெரியப்போகுது. சொல்றேன். ஊர் வந்து சேர்றவரைக்கும் நமக்கு வேற என்ன வேலை.

எங்க வீட்டுக்கு எதிர்ல ஒரு பார்க் இருக்கு. பெரிசு ஒண்ணும் இல்ல. சுத்தி நடக்க ஒரு பாதை, நடுவுல புல்லு, கொஞ்சம் மரம், பிள்ளைங்களுக்கு ஒரு சறுக்குமரம், ரெண்டு ஊஞ்சல். ஆபீஸ்ல சூப்பரின்டென்டென்டா இருந்து ரிட்டயர் ஆனதுலேருந்து நான் அங்க போறேன். சும்மா போய் உக்காந்துட்டு வர்றவ இல்ல. பார்க்கை அனுபவிக்கறதுக்கு ஒரு முறை இருக்குங்க. முதல்ல நடக்கணும். நடக்கும்போது பேசக்கூடாது. அப்புறம் பெஞ்சுல உக்காந்து மூச்சு வாங்கணும். அதுக்கப்புறம்தான் பேச்சு. இதையெல்லாம் அங்க கொண்டு வந்தது நான். எஸ்தர் டீச்சர்னு ஒருத்தங்க, ஸ்கூல்ல கணக்கு எடுத்தவங்க. நீலான்னு ஒரு பொண்ணு, பொண்ணு என்ன, அவளுக்கும் ஐம்பது இருக்கும், பக்கத்துத் தெருவுல தையல் கடை வெச்சிருக்கா. ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு பக்கமும் உக்காருவாங்க. நான் பேசுவேன், அவங்க கேப்பாங்க. என்னை மேடம்னுதான் கூப்பிடுவாங்க. இத்தனை வருஷத்துல எங்களுக்குள்ள ஒரு சண்டை வந்ததில்ல.

போன வருஷம் சித்திரையில சம்பந்தியம்மா வந்தாங்க. செண்பகவடிவுன்னு பேரு. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். தை மாசம் அவங்க வீட்டுக்காரர் தவறிட்டாரு. அம்மா அவ்வளவு பெரிய வீட்டுல ஒத்தையில கிடக்க வேண்டாம்னு என் மருமக வினோதா கூட்டிட்டு வந்துட்டா. என்கிட்ட கேட்டுட்டுத்தான். நானும் தாராளமா வரட்டும்னு சொன்னேன். வேற எந்த மாமியார் சொல்லுவா, நீங்களே சொல்லுங்க.

வந்த மறுநாளே அடுப்பாங்கரைக்குள்ள போயிட்டாங்க. சொதி வெச்சாங்க. உளுந்தங்களி கிண்டினாங்க. என் மகன் பிரபாகர், நான் பொங்கிப் போட்ட சாப்பாட்டுக்கு இதுநாள்வரைக்கும் நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல, தட்டை வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டான். எங்க வீட்டுக்காரர் மறுபடி கேட்டு வாங்கிக்கிட்டாரு. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஆனா துக்கத்துல இருக்கற மனுஷி நாள் முழுக்க அனல்ல நின்னா உடம்பு என்னத்துக்கு ஆகும்? அக்னி நட்சத்திரம் வேற. சாயங்காலத்துல கொஞ்சம் காத்தாட வெளிய கூட்டிட்டுப் போகணும்னு எனக்குத்தான் தோணுச்சு. வினோதாவுக்குக்கூடத் தோணல. இதை எதுக்குச் சொல்றேன்னா, பின்னாடி ஆளாளுக்கு என்னென்னவோ பேசினாங்க. அவங்களுக்குப் பார்க்கைக் காட்டினது நான்தான்.

முதல் நாள் உள்ள நுழைஞ்சதுமே நின்னுட்டாங்க. மஞ்சளாச் சரம் சரமாத் தொங்குமே, கொன்றை, அது மரம் பூராவும் பூத்துக் கிடந்துது. அதுக்கடியில போய் அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்கறாங்க. தலையில, தோள்ல எல்லாம் பூ விழுது, தட்டிவிடணும்னுகூடத் தோணல அவங்களுக்கு. அந்த மரம் வருஷா வருஷம் குப்பைதாங்க போடும். மிதிச்சா வழுக்கும். நின்னா நிக்கறதுதான் மிச்சம், நடங்கன்னு சொன்னேன். நடந்தாங்க. ஆனா எதிர்ல வர்ற ஒருத்தரையும் விடாம சிரிச்சுக்கிட்டே நடந்தாங்க. முன்னப்பின்ன தெரியாதவங்களைப் பாத்து. வீட்டுக்கு வந்து எடுத்துச் சொன்னேன், சம்பந்தியம்மா, இது மெட்ராஸ், இங்க அப்படிச் சிரிச்சா ஏதோ காரியமா வர்றாங்கன்னு நினைப்பாங்கன்னு. சரி மைனின்னாங்க. மைனின்னா மதினி, அவங்க ஊர்ப் பேச்சு. பார்க்லயும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. மேடம்னு பேர் எடுத்த இடத்துல, அந்தக் கோடியிலேருந்து மைனி இங்கன வாங்கன்னு ஒரு குரல் வந்தா எப்படி இருக்கும்?

கொஞ்ச நாள் போயிருக்கும். பிரபாகருக்குப் புரமோஷன் வரப்போற விஷயத்தை பெஞ்சுல சொல்லிக்கிட்டிருந்தேன். நல்ல கட்டம். அவனோட பாஸ் அவனைக் கூப்பிட்டு விட்ட கட்டம். சம்பந்தியம்மா எஸ்தர் டீச்சர் கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா என்னமோ கேட்டாங்க. டீச்சருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. என்னன்னு பாத்தா, டீச்சரோட ஒரே பையன் கனடாவுல இருக்கான், கல்யாண விஷயத்துல மனஸ்தாபமாகி அம்மாவோட பேசறதே இல்லையாம். வருஷக்கணக்கா என் பக்கத்துலயே உக்காந்திருந்தவங்க, என்கிட்ட மூச்சு விட்டதில்ல. நான் கேட்டதும் இல்ல. அடுத்தவங்க குடும்பத்துல மூக்கை நுழைக்கற பழக்கம் எனக்குக் கிடையாது. இவங்க கேட்டுட்டாங்க. அந்த நாசூக்கெல்லாம் தெரியாது. டீச்சர் என்னடான்னா ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்விட்டு அழுதேன்னு சொல்லிட்டு சந்தோஷமா வீட்டுக்குப் போனாங்க. அழுதுட்டு என்ன சந்தோஷமோ. பாஸ் கூப்பிட்டு என்ன சொன்னாருன்னு இன்னிக்கு வரைக்கும் ரெண்டு பேரும் என்னைக் கேக்கல.

ஆடியில ஒரே காத்து. புழுதியை வாரி மூஞ்சியில அடிக்கும், சருகு சுழட்டிக்கிட்டு வரும். அந்த மாசம் நான் பார்க் போக மாட்டேன். சம்பந்தியம்மாவையும் போக வேண்டாம்னேன். எங்க ஊர்ல சாரல் காத்துக்கு ஆளே பறப்பான், இது என்ன காத்துன்னுட்டு அவங்க தனியாப் போக ஆரம்பிச்சாங்க. காத்து அடங்கி நான் திரும்பப் போனப்ப பாக்கறேன், புல்லு மேல ஒரு கூட்டம். நடுவுல இவங்க. சறுக்குமரத்துக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்ற பொண்ணுங்க, பார்க் கூட்டற அம்மா, மூலையில தனியா உக்காந்து பேப்பர் படிக்கற பெரியவர்கூட அங்க வந்துட்டாரு. எஸ்தர் டீச்சரும் நீலாவும் தரையில சம்மணம் போட்டு உக்காந்திருக்காங்க. தூக்குல சுண்டல். எங்க வீட்டுத் தூக்கு.

எனக்கு முட்டி மடங்காது. தரையில உக்கார முடியாது. அதனால நான் பெஞ்சுலயே உக்காந்துக்கிட்டேன். பெஞ்சு முழுக்க எனக்கு, தாராளமாத்தான் இருந்துது. மேல இருந்து பாத்தா எல்லாரோட உச்சந்தலையும் நல்லாத் தெரியும். என்ன பேசறாங்கன்னுதான் காதுல விழாது. ஒவ்வொரு தடவையும் சம்பந்தியம்மா எழுந்து வந்து ஒரு இலையில சுண்டல் வெச்சுக் குடுத்துட்டுப் போவாங்க. கோயில்ல சாமிக்கு வெக்கிற மாதிரி. எல்லாரும் திரும்பி என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக்குவாங்க.

ஐப்பசியில மழை பிடிச்சுக்கிச்சு. பார்க்ல முழங்கால் தண்ணி நின்னுது, கேட்டைப் பூட்டிட்டாங்க. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. நான் சொல்றது அவங்க உடம்பை நினைச்சு. தினம் அவ்வளவு பேர்கிட்ட பேசினா தொண்டை என்னத்துக்கு ஆகும்? ஆனா வீட்டுலயும் அவங்களுக்கு இருப்பு கொள்ளல. பால்கனியில நின்னு தவளை கத்தறதைக் கேப்பாங்க. ஊஞ்சல் தண்ணியில மிதக்குது பாருங்க மைனின்னு என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாங்க. நானும் போய்ப் பாப்பேன். மிதக்கல்லாம் இல்ல, பலகை தண்ணியைத் தொட்டுக்கிட்டு நின்னுது.

ஒரு சாயங்காலம் காலிங்பெல் அடிச்சுது. கதவைத் திறந்தா, குடையும் கையுமா அத்தனை பேர். எஸ்தர் டீச்சர் முன்னாடி நிக்கறாங்க. வடிவக்காவைப் பாக்கலாம்னு வந்தோம் மேடம்னாங்க. உள்ள வந்து சுத்திப் பாத்துட்டு, இத்தனை வருஷமா எதிர்லதான் உங்க வீடுன்னே எங்களுக்குத் தெரியாதே மேடம்னு நீலா சொல்றா. எப்படித் தெரியும், கேட்டாத்தானே சொல்லுவேன். நான் அத்தனை பேருக்கும் காப்பி போட்டேன். காப்பியைக் கையில குடுத்தா, வடிவக்கா, காப்பி நல்லாருக்குன்னு அவங்களைப் பாத்துச் சொல்றாங்க. போட்டது நான்.

அதுக்கு அடுத்த வாரம்தான் சம்பந்தியம்மா தும்மினாங்க. பூனாவுல இருக்கற அவங்க மகன் சங்கரலிங்கத்துக்கு போன் பண்ணினேன். தம்பி, மெட்ராஸ் மழை அம்மாவுக்கு ஒத்துக்கல, வாய்விட்டுச் சொல்ல மாட்டேங்கறாங்க, உன் ஞாபகமாவே இருக்காங்கன்னு சொன்னேன். அதுல பொய் ஒண்ணும் இல்ல. தும்மினாங்க, நான் பாத்தேன். செல்போன்ல மகன் போட்டோவைப் பாத்துக்கிட்டிருந்தாங்க, அதையும் பாத்தேன். வயசான காலத்துல மகன்கூட இருக்கணும்னு எந்தத் தாய்க்கு ஆசை இருக்காது? அவன் நல்ல பிள்ளை. உடனே, சொன்னது நல்லதாப் போச்சு அத்தை, பொங்கலுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னான். வினோதாவுக்குத்தான் மூஞ்சி வாடிப்போச்சு. ரெண்டு நாள் என்கிட்ட சரியாப் பேசல. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு அண்ணன் பாசம் அவ்வளவுதான்.

மார்கழியில எங்க பார்க் நல்லாத்தான் இருக்கும், இல்லேன்னு சொல்ல மாட்டேன். சாயங்காலமே லேசாக் குளிரும். எல்லாரும் மப்ளர், ஸ்வெட்டர்னு பெட்டியிலேருந்து எடுத்துப் போட்டுக்கிட்டு வருவாங்க. மழைக்கு அப்புறம் எல்லாம் பச்சைப்பசேல்னு இருக்கும். வெள்ளையா, நீளக் காம்போட ஒரு பூ கொட்டும், மரமல்லி. பொங்கல் முடிஞ்சு கிளம்பறதுக்கு முந்தின நாள், சம்பந்தியம்மா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு, கடைசியில என் பெஞ்சுக்கு வந்து உக்காந்தாங்க. அப்புறம் சொன்னாங்க.

"லிங்கத்துட்ட நீங்கதான் சொன்னியன்னு எனக்குத் தெரியும் மைனி. கோவமெல்லாம் இல்ல. ஒரு அடுப்புல ரெண்டு பேரு நின்னா இடிக்கத்தான் செய்யும்."

எனக்கு அவங்க என்ன சொல்றாங்கன்னே புரியல. எங்க வீட்டு அடுப்பாங்கரை நல்ல பெரிசு. போன தடவை பெயின்ட் அடிக்கும்போதுதான் இடிச்சுக் கட்டினோம். அதைச் சொன்னேன். அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"நான் வந்தப்பம் பொணம் மாதிரில்லா கெடந்தேன். நீங்க கையப் பிடிச்சு இங்கன கூட்டியாந்திய. அத நான் மறக்க மாட்டேன்."

அது என்னவோ உண்மை. கூட்டிட்டுப் போனது நான்தான். அதை அவங்களே சொன்னாங்க பாருங்க, அந்த நியாயம் மத்தவங்ககிட்ட இல்ல.

அவங்க போனதும் எல்லாம் பழையபடி ஆச்சு. புல்லுல உக்காந்த கூட்டம் தானாக் கலைஞ்சுது. எஸ்தர் டீச்சரும் நீலாவும் மறுபடி பெஞ்சுக்கு வந்தாங்க, நான் நடுவுல. வந்து உக்காந்ததும் முதல் கேள்வி, வடிவக்கா எப்படி இருக்காங்க மேடம்? நல்லாருக்காங்கன்னு சொன்னேன். மறுநாளும் அதே கேள்வி. அங்க குளிர் எப்படி, சாப்பாடு எப்படி, சாயங்காலம் எங்க போறாங்க, தலைவலி வருமே அது இப்ப எப்படி இருக்கு. அவங்களுக்குத் தலைவலி வரும்னே எனக்குத் தெரியாது. தினம் தினம் தெரியாதுன்னா சொல்ல முடியும்? சூப்பரின்டென்டென்டா இருந்தவ. அதனால பார்க்குக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி சம்பந்தியம்மாவுக்கு போன் பண்ண ஆரம்பிச்சேன். கேட்டு வெச்சுக்கிட்டா பதில் சொல்லலாமே, அதுக்குத்தான்.

அங்க ஒரே குளிர்னாங்க. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிட்டா வீட்டுல பேச ஆள் இல்ல. கீழ ஒரு பார்க் இருக்காம், ஆனா எல்லாரும் மராட்டி பேசறாங்களாம். பெஞ்சுல உக்காந்து பாத்துட்டு வந்துருவேன் மைனின்னாங்க. அப்புறம் என்னைக் கேக்க ஆரம்பிச்சாங்க. புல்லு எப்படி இருக்கு, தூங்குமூஞ்சி மரம் இலையை உதிர்த்துட்டுதா, பார்க் கூட்டற அம்மாவோட மகளுக்கு மாப்பிள்ளை அமைஞ்சுதா. நான் எங்க பாத்தேன். மறுநாள் போய் அந்த அம்மாகிட்ட கேட்டேன். மாப்பிள்ளை அமைஞ்சுடுச்சாம், பத்திரிகையே குடுத்துட்டா கையில. சம்பந்தியம்மா கேப்பாங்களேன்னு மரத்தையெல்லாம் ஒரு பார்வை பாத்து வெப்பேன். மாசியில ஒரே சருகு. பங்குனியில புங்க மரம் தளதளன்னு துளிர்த்துது. அடியில பொரி இறைச்ச மாதிரி பூ. இத்தனை வருஷமா அதுமேலதான் நடந்திருக்கேன் போலிருக்கு. அதைச் சொன்னா போன்ல அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் சொல்றதை அப்படி ஒருத்தர் கேட்டு எனக்கு ரொம்ப நாளாச்சு. நடுவுல குறுக்கவே பேச மாட்டாங்க.

ஒரு நாள் போன்ல குரலே வேற மாதிரி இருந்துது. எனக்கு ஒரு சேக்காளி கிடைச்சுட்டா மைனின்னாங்க. சேக்காளின்னா சிநேகிதி. மராட்டிக்காரி. சுமன்தாய்னு பேராம். தாய்னா அவங்க பாஷையில அக்காவாம். இவங்களுக்கு மராட்டி தெரியாது, அவங்களுக்குத் தமிழ் தெரியாது. ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து, இவங்க முருங்கைக்காயைக் காட்டினா அவங்க ஒரு பேர் சொல்லுவாங்களாம், அவங்க கடலையைக் காட்டினா இவங்க ஒரு பேர் சொல்லுவாங்களாம். அதுக்கு ஒரே சிரிப்பாம். பாஷை தெரியாம பேசறதெல்லாம் ஒரு பேச்சா? எனக்கு ஆத்திரம் ஒண்ணும் இல்ல. அன்னிக்குச் சாப்பாடு இறங்கல. கத்திரிக்கா முத்தல்.

அப்புறம் எப்ப போன் பண்ணினாலும் சுமன்தாய் அது குடுத்தாங்க, சுமன்தாய் அங்க கூட்டிட்டுப் போனாங்கன்னே பேச்சு. நம்ம பார்க்கைப் பத்திக் கேக்கறது குறைஞ்சு போச்சு. பாவம், புது ஊர்ல தெரியாதவங்களை நம்பி ஏமாந்துடக் கூடாதேன்னு எனக்கு பயம். சித்திரை வந்துது. கொன்றை பூத்துது. ஒரு சாயங்காலம் அதுக்கடியில கொஞ்ச நேரம் நின்னுட்டு, வீட்டுக்கு வந்து சங்கரலிங்கத்துக்கு போன் பண்ணினேன். தம்பி, அம்மாவை இங்க அனுப்பிடு, பூனா தண்ணி அவங்களுக்கு ஒத்துக்கலைன்னு குரல்லயே தெரியுதுன்னேன்.

"அத்தை, மெட்ராஸ் ஒத்துக்கலைன்னு நீங்கதானே சொன்னீங்க" அப்படிங்கறான்.

"அது மழைக்காலம்ப்பா. இப்ப வெயில் காலம். மெட்ராஸ் வெயில் உடம்புக்கு நல்லது"ன்னு சொன்னேன்.

அப்ப அக்னி நட்சத்திரம். வெளிய தார் உருகுது. எங்க வீட்டுக்காரர் ஹால்ல ஈரத்துண்டைத் தலையில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தவர், திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தாரு. சங்கரலிங்கம் சிரிக்கல, நல்ல பிள்ளை. அம்மாகிட்டயே கேளுங்க அத்தைன்னு போனைக் குடுத்துட்டான்.

"நான் அங்க வரல மைனி. நீங்க இங்கன வாங்க. பார்க்ல எல்லார்ட்டயும் உங்களப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன்."

பாஷை தெரியாம என்னத்தைச் சொன்னீங்கன்னு கேட்டேன். உங்க போட்டோவைக் காட்டினேன், அக்கான்னு சொன்னேன், அந்த வார்த்தை அவங்களுக்கும் வெளங்குதுன்னாங்க. போன் சரியாக் கேக்கலைன்னு வெச்சுட்டேன். சிக்னல் எங்க வீட்டுல எப்பவும் சுமார்தான்.

விஷயத்தைச் சொன்னதும் பிரபாகர் அன்னிக்கே டிக்கெட் போட்டுட்டான். வினோதா ராத்திரிக்கு இட்லி, மிளகாப்பொடின்னு கட்டிக் குடுத்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டு கண் கலங்கினா. என்னன்னு தெரியல. அண்ணன் வீட்டுக்கு அவளைக் கூப்பிடலைன்னு இருக்கலாம். பார்க்ல சொன்னப்ப எஸ்தர் டீச்சர் வடிவக்காவுக்குன்னு கேக் செஞ்சு குடுத்தாங்க, நீலா ஒரு ஜாக்கெட் தைச்சுக் குடுத்தா. ரெண்டு பேருமே போயிட்டு சீக்கிரம் வந்துடுங்க மேடம்னாங்க. நீலா மட்டும், நீங்க இல்லாட்டி வடிவக்கா சேதி யார் சொல்லுவான்னு கேட்டா.

பத்து நாள்தான் இருப்பேன். இல்ல, ஒரு மாசம் ஆனாலும் ஆகும், போய்ப் பாத்தாத்தான் தெரியும். அங்க எல்லாத்தையும் கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக் குடுத்துட்டு வரணும். ஸ்டேஷனுக்கு சங்கரலிங்கத்தை வர வேண்டாம்னு சொல்லிட்டேன், வேலைக்குப் போற பிள்ளை. சம்பந்தியம்மாவே வர்றாங்களாம். அந்த சுமன்தாயும் கூட வர்றாளாம். வரட்டும். இறங்கினதும் நேரா பார்க்குக்குத்தான் போறமாம், எல்லாரும் என்னைப் பாக்கக் காத்துக்கிட்டிருக்காங்களாம்.

நீங்க இத்தனை வருஷம் பூனாவுல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாம இருக்காது. மராட்டியில, கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னு எப்படிச் சொல்லணும்? மரியாதையாவே சொல்லிக் குடுங்க. எனக்கு சம்பந்தியம்மா பக்கத்துல உக்காரணும், அவ்வளவுதான்.